தண்ணீர் லாரி வந்த பத்து நிமிடம்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்கு அப்போது ஒரு பழைய இரும்புத் தகடுதான் மூடி. தண்ணீர் லாரி வந்தால் அதைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டுக் குழாயை உள்ளே விடுவோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, லாரிக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, என் தங்கையின் ஒன்றரை வயது மகன் சம்ப்பின் வாயோரம் குந்தி, கொட்டும் தண்ணீரைத் தொடக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு அக்கா அலறினார். பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்தேன். முற்றத்தில் அன்று பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தோம். குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று ஐவருமே நம்பியிருந்தோம்.

குழந்தைகளைத் தண்ணீரிலிருந்து காப்பதில் நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வீடு நிறைய ஆள் இருக்கும் நாளில்தான் குழந்தை தனியாகிறது. விருந்தினர் வந்த நாள், காதுகுத்து, லாரி வரும் நேரம் என எதுவானாலும், ஒருவர் "இப்போது நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுந்து போகும்போது அடுத்தவர் பெயரைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பார்ப்பவர் கையில் செல்பேசி கூடாது. எட்டு வயது அக்காவைக் காவல் வைப்பதும் தவறு, அவளும் குழந்தைதான்.

நீச்சல் குளம் கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களில் இருப்பது என்றே நம் பகுதியில் பலரும் நினைக்கிறோம். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தண்ணீரைச் சேர்த்துவைக்காமல் குடும்பம் நடத்த முடியாது. ஆறேழு அடி ஆழமான சம்ப், 200 லிட்டர் நீல டிரம், குளியலறையில் இரவே நிரப்பிவைத்த வாளிகள், அக்னி நட்சத்திர வெயிலுக்கு மொட்டைமாடியில் காற்றடித்து விரித்த பிளாஸ்டிக் குளம்: குழந்தைக்கு இவை எல்லாமே குளம்தான்.

வாளியில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நடக்கப் பழகும் குழந்தைக்கு உடலின் அளவுக்குத் தலையின் கனம் அதிகம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், தன்னைத் தூக்கி நிமிர்த்தும் வலு அந்தக் கைகளுக்கு இல்லை. மூக்கும் வாயும் மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். ஆகவே காலி வாளியைக் கவிழ்த்து வையுங்கள். நிரப்பிய வாளி இருக்கும் குளியலறைக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். டிரம்முக்குத் திருகு மூடி வேண்டும். பக்கத்தில் ஏறி நிற்க முக்காலி எதுவும் இருக்கக் கூடாது.

சம்ப்புக்குத் தகடு மட்டும் போதாது. நாங்கள் வெல்டிங் பட்டறையில் சொல்லி, மூடிக்குக் கீழே ஒரு கம்பிச் சட்டம் போட்டுக்கொண்டோம். லாரிக் குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி. மூடி திறந்திருக்கும் நேரத்திலும் குழந்தை உள்ளே விழ முடியாது. மூடிக்குப் பூட்டும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சூழ்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். முழங்கால் நீரில், மூடி நகர்ந்த சம்ப் எவர் கண்ணுக்கும் தெரியாது.

மொட்டைமாடிக் குளத்தில் நாம் செய்யும் தவறு, அதை வடிக்காமல் விடுவது. இத்தனை குடம் செலவழித்து நிரப்பியதை எப்படிக் கொட்டுவது என்று மனம் கேட்காது. எனக்கும் கேட்டதில்லை. செடிக்கும் கழிவறைக்கும் அதையே பயன்படுத்தலாம்; ஆனால் பிள்ளைகள் வெளியே வந்த உடனே குளம் காலியாக வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்குக் கொசுவும் முட்டையிடும். குளத்தைக் கைப்பிடிச் சுவரோரம் வைக்காதீர்கள். குழந்தை அதன் விளிம்பில் ஏறி நின்றால் சுவரின் உயரம் பாதியாகிவிடும். எடையையும் பாருங்கள்: எட்டு அடி குறுக்களவுள்ள குளத்தில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் 2 டன்னைத் தாண்டும். பழைய மாடிகளுக்கு அது ஆபத்து. கையில் மாட்டும் காற்றுப்பைகள் விளையாட்டுப் பொருள்கள். அவற்றை நம்பி நகராதீர்கள்.

பெரம்பூர், மாதவரம் பக்கம் குளத்தோடு கட்டிய அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் வேலியைப் பாருங்கள். நான்கு பக்கமும் குறைந்தது 4 அடி உயரம் வேண்டும். கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கதவு தானாகச் சாத்தித் தானாகத் தாழிட வேண்டும். அந்தக் கதவுக்குப் பூந்தொட்டியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பவரிடம் சண்டை போடவும் தயங்காதீர்கள். அடியிலுள்ள வடிகால் மூடி உடைந்திருந்தால் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். நீர் இழுக்கும் வேகத்தில் தலைமுடி சிக்கிக்கொள்ளும்.

"சத்தமே இல்லை, சமர்த்தாக விளையாடுகிறான்" என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சொல். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் நொடியில் மூச்சிழுக்கவே நேரம் போதாது, கூப்பிட முடியாது. கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடலாம். குழந்தையைக் காணோம் என்றால் தெருமுனைக்கும் பெட்டிக்கடைக்கும் ஓடுவதற்கு முன் சம்ப், டிரம், குளியலறை, மாடி என்று தண்ணீர் இருக்கும் இடங்களை முதலில் பாருங்கள்.

தூக்கியெடுத்த பிறகு நடக்கும் தவறுகளும் கொடியவை. தலைகீழாகப் பிடித்து உலுக்குவார்கள், தலைக்கு மேல் சுழற்றுவார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பார்கள். எதுவும் வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை இயல்பாக மூச்சுவிடவில்லை என்றால் சமதளத்தில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து மார்பு எழும்படி ஐந்து முறை ஊதுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து ஊத வேண்டும். அதன் பிறகும் அசைவில்லை என்றால் மார்பின் நடுவே, அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்பது அழுத்தும் வேகம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். மூச்சில்லாத குழந்தையை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினால், மூளைக்குக் காற்று போக வேண்டிய அந்த நிமிடங்கள் வழியிலேயே கழிந்துவிடும். இதை முன்கூட்டிப் பயிற்சியாளர் ஒருவரிடம் நேரில் பழகிக்கொண்டால் கை நடுங்காது.

அழுது எழுந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். நுரையீரலுக்குள் போன நீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம். ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அன்றே கொண்டுபோய், எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தது, எப்போது மூச்சு வந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.