தண்டர்பேர்டில் தமிழ் மின்னஞ்சல்களைத் தெளிவாகப் படிக்க எழுத்துருவை அமைத்தல்

மின்னஞ்சலில் வரும் தமிழ் எழுத்துகள் மிகச் சிறியனவாகத் தெரிந்தால், கெடு, கேடு என்னும் சொற்களுக்கிடையே உள்ள கொம்பின் சுழி வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும். கொடு என்பதும் கோடு என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் பெரும்பாலும் போதாது. கணினியில் மின்னஞ்சல் படிக்கவும் அனுப்பவும் உதவும் தண்டர்பேர்டு நிரலில் இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் படிப்பதற்கான எழுத்துரு, அனுப்புவதற்கான எழுத்துரு ஆகிய இரண்டும் அங்கே தனித்தனி இடங்களில் இருப்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதில் பலனைத் தேடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

ஒரே ஒரு கடிதத்தை மட்டும் பெரிதாக்கிப் படிக்க வேண்டுமென்றால், அமைப்புகள் பக்கம் போகவே தேவையில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும். கழித்தல் குறி சிறிதாக்கும். சுழியம் பழைய அளவுக்குக் கொண்டுவரும். மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் விசையைப் பயன்படுத்த வேண்டும்.

நிலையான மாற்றத்துக்கு, மூன்று கோடுகள் கொண்ட பொத்தானைச் சொடுக்கி 'செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்து, 'ஜெனரல்' பிரிவில் எழுத்துரு, நிறம் பற்றிய பகுதி வரும் வரை கீழே செல்லுங்கள். அங்கே நேரடியாகத் தெரியும் எழுத்துருப் பெயரையும் அளவையும் தொடாமல், பக்கத்தில் உள்ள 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தின் உச்சியில், எந்த எழுத்துமுறைக்கான அமைப்பு என்று கேட்கும் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் தமிழைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் என்றால் நிர்மலா யூஐ, மேக் என்றால் தமிழ் சங்கம் எம்என், லினக்ஸ் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் என, உங்கள் கணினியில் உள்ள ஒன்றைக் குறிப்பிட்டு அளவை 18 ஆக்கிப் பாருங்கள்.

பலரும் இத்துடன் சாளரத்தை மூடிவிட்டு, எதுவும் மாறவில்லையே என்று திகைப்பார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் விழித்தேன். கடிதத்தின் மொழி இன்னதென்று அனுப்பியவரின் நிரல் குறிப்பிடாமல் விட்டால், தண்டர்பேர்டு அந்தக் கடிதத்தைத் தமிழ்ப் பிரிவில் சேர்க்காமல் 'லத்தீன்' அல்லது 'பிற எழுத்துமுறைகள்' என்னும் பொதுப்பிரிவின் அளவில் காட்டிவிடும். ஆகையால் அதே பட்டியலில் அவ்விரண்டையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கும் அதே அளவைக் கொடுத்துவிடுங்கள். குறைந்தபட்ச எழுத்தளவை நிர்ணயிக்கும் பெட்டியும் அங்கேயே உள்ளது. அதில் 14 என்று வைத்தால், அனுப்பியவர் எவ்வளவு சிறிதாக அமைத்திருந்தாலும் எழுத்து அதற்குக் கீழே இறங்காது. மிகப் பெரிய எண்ணை வைத்தால் அட்டவணைகள் நிறைந்த செய்திமடல்கள் குலைந்துபோகும்.

அந்தச் சாளரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள இரண்டு தேர்வுக்கட்டங்கள், என் கருத்தில், தமிழ் வாசகருக்கு எழுத்துருப் பெயரைவிட முக்கியமானவை. வடிவமைப்பு எதுவும் இல்லாத வெற்றுரைக் கடிதங்களை நிலை அகல எழுத்துருவில் காட்டச் சொல்வது ஒன்று. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்னும் அந்த ஏற்பாடு தட்டச்சுப்பொறி ஆங்கிலத்துக்குப் பொருந்தும். 'ட'வும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் அடங்கா. அதனால் ஆங்கிலச் சொற்கள் ஓர் எழுத்துருவிலும் தமிழ்ச் சொற்கள் வேறோர் எழுத்துருவிலுமாக வரிகள் மேடுபள்ளமாகத் தெரியும். இக்கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுவதே நல்லது. கடிதங்கள் தம் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதிப்பது மற்றொன்று. இதன் குறியை எடுத்தால் எல்லாக் கடிதங்களும் நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவிலேயே வரும். விளம்பர மடல்களின் அலங்காரம் போய்விடும் என்பதைத் தவிர இதில் இழப்பு எதுவும் இல்லை.

இனி, அனுப்பும் கடிதங்கள். 'செட்டிங்ஸ்' பக்கத்திலேயே 'கம்போசிஷன்' பிரிவில் எழுத்துரு, அளவு, நிறம் ஆகியவற்றைக் குறிக்கலாம். ஆனால் கடிதத்தோடு போவது எழுத்துருவின் பெயர் மட்டுமே, எழுத்துரு அன்று. நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எழுத்துரு பெறுநரின் கணினியில் இல்லையென்றால், அவருக்கு வேறொன்றுதான் தெரியும். எனவே அங்கே எழுத்துருவின் இடத்தில் முன்பே இருக்கும் 'வேரியபிள் விட்த்' (எழுத்துக்கேற்ப அகலம் மாறுவது) என்பதை அப்படியே விட்டுவிடுங்கள். பெறுநர் தமக்கு வசதியான எழுத்துருவில் படித்துக்கொள்வார். வேறிடத்திலிருந்து படியெடுத்த பத்தியைக் கன்ட்ரோல், ஷிப்ட், வி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால், பழைய வடிவமைப்பு கூடவே ஒட்டிக்கொண்டு வராது.

இவ்வளவு செய்தும் ஒரு கடிதம் மட்டும் படிக்க முடியாமல் இருந்தால், திரையில் என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள். எழுத்துகளின் இடத்தில் கட்டங்கள் தெரிந்தால், தமிழ் எழுத்துரு கணினியில் இல்லை என்று பொருள். ஒன்றை நிறுவினால் சரியாகிவிடும். பொருளற்ற குறிகள் தெரிந்தால் 'வியூ' பட்டியலில் எழுத்துக் குறியாக்கத்தைச் சீராக்கும் தேர்வைச் சொடுக்கிப் பாருங்கள். வரி முழுதும் கேள்விக்குறிகளாகவே இருந்தால், எழுத்துகள் பெரும்பாலும் வழியிலேயே அழிந்திருக்கும். எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் மீண்டும் அனுப்பும்படி அனுப்பியவரையே கேட்க வேண்டியதுதான்.