மூன்று பிள்ளைகள், ஒரே பேன்: வீடு முழுக்க ஒழிக்கும் முறை

ஒரு பிள்ளை தலையில் பேன் கிடைத்தால் மற்றப் பிள்ளைகளின் தலையையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பேன் தாவாது, பறக்காது. முடியிலிருந்து முடிக்கு ஊர்ந்துதான் போகும். ஒரே பாயில் படுத்து, தலை முட்ட ஒரே போனைப் பார்க்கும் பிள்ளைகளிடம் அதற்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. பக்கத்தில் படுக்கும் பாட்டியும் நீங்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

வேண்டியவை: ஸ்டீல் பேன் சீப்பு, பெரிய பல் சீப்பு, கிளிப் நாலு, வெள்ளைக் கண்டிஷனர், பழைய வெள்ளை வேட்டித் துணி. பிளாஸ்டிக் பேன் சீப்பு வேண்டாம். அடர்ந்த முடியில் பல் விரிந்து, ஈர் நழுவிவிடும்.

1. தலைக்கு ஊற்றி, ஈரத்தோடு கண்டிஷனரை முடி வழவழவென்று ஆகும்வரை தடவுங்கள். காய்ந்த முடியில் பேன் ஓடி ஒளியும். ஈரத்தில் அசையாமல் கிடக்கும். தேங்காய் எண்ணெயும் ஆகும், ஆனால் அதைப் போக்க இரண்டு முறை ஷாம்பு போடணும். மூன்று பிள்ளை வீட்டில் அது பெரிய வேலை.

2. பெரிய சீப்பால் சிக்கெடுங்கள்.

3. முடியை நாலு பாகமாகக் கிளிப் போட்டு, இரண்டு விரல் அகலம் எடுத்து, சீப்பின் பல் தலைத்தோலில் பட, வேரிலிருந்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துணியில் துடைக்கணும். எள் அளவில் பழுப்பாகக் கால் அசைத்தால் பெரிய பேன். குண்டூசித் தலை அளவில் இருந்தால் குஞ்சு. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இரண்டு சுற்று கூடுதலாகப் போடுங்கள்.

கடைக்குட்டியை முதலில் முடித்துவிடுங்கள், பொறுமை குறைவு. ஒரு தலை முடிந்து அடுத்ததற்குப் போகுமுன் சீப்பைக் கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் பத்து நிமிடம் போடுங்கள். இரண்டு சீப்பு இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

4. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்: நாள் கணக்கு. சீப்பில் சிக்காத ஈர் 7 முதல் 10 நாளில் பொரிக்கும். அந்தக் குஞ்சு வளர்ந்து ஈர் வைக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் பிடித்தால் அடுத்த தலைமுறையே இல்லை. அதனால் 1, 5, 9, 13 ஆகிய நாள்களில் சீவணும். ஞாயிறு தொடங்கினால் வியாழன், அடுத்த திங்கள், வெள்ளி. காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். முதல் நாளே துணி நிறைய வந்துவிட்டது என்று திருப்திப்பட்டு நிறுத்தினால், இரண்டு வாரத்தில் மறுபடி சொறிவார்கள். 17ஆம் நாள் ஒருமுறை பார்த்து, எதுவும் இல்லையென்றால் முடிந்தது.

லோஷன் போடுவதானால் 1% பெர்மெத்ரின் கேளுங்கள். 5% கிரீம் சொறி சிரங்குக்கானது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஷாம்பு போட்டு அலசித் துவட்டிய முடியில் தடவி, 10 நிமிடத்தில் அலசுங்கள். அதற்கு முன் கண்டிஷனர் போட்டால் மருந்து பிடிக்காது. 9ஆம் நாள் மறுபடி. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இது கூடாது.

பேனுக்கென்று தலையில் தேய்க்கும் சீத்தாப்பழ விதைப் பொடி வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போய்ச் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரவைக்கலாம். மண்ணெண்ணெயைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன் இவற்றை மட்டும் வெந்நீரில் துவைத்தால் போதும். மெத்தைக்கு மருந்தடிக்க வேண்டாம்.

பிறகு சேர்த்தது: நிறையப் பேர் கேட்ட இரண்டு சந்தேகங்கள்.

“பதிமூன்று நாளுக்குப் பிறகும் ஈர் தெரிகிறதே?” தலைத்தோலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளரும். அதற்கு அப்பால் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வெறும் கூடு. ஊதினால் பறப்பது பொடுகு.

“மொட்டை போட்டால்?” அந்தத் தலைக்குச் சரி. மற்ற இரண்டு தலைக்கும் வியாழக்கிழமை சீப்பு எடுக்கத்தான் வேண்டும்.