திருச்சூர் புத்தன்பள்ளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் திருச்சூருக்குப் போவதென்றால் பெரும்பாலும் நகைக்கடைக்கோ மருத்துவமனைக்கோதான். அந்த வேலை முடிந்த மிச்ச நேரத்தில் புத்தன்பள்ளி என்னும் தேவாலயத்தை எட்டிப் பார்ப்பது அக்கட்டிடத்துக்குச் செய்யும் நியாயமாகாது. அதற்கென்றே ஒரு முற்பகலை ஒதுக்க வேண்டும்.

ஊரார் புத்தன்பள்ளி என்று அழைக்கும் வியாகுல மாதா பசிலிக்கா, கேரளத்தில் சிரிய மரபில் வழிபடும் சீரோ மலபார் கத்தோலிக்கரின் ஆலயம். போப்பாண்டவர் சில ஆலயங்களுக்கு மட்டும் வழங்கும் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதியை 1992இல் பெற்றது. அங்கே குர்பானா எனப்படும் திருப்பலி நாள்தோறும் நடப்பதால், வார நாளொன்றில் காலைக் குர்பானா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போவதே நல்லது. ஞாயிறு காலையும் புனித வாரமும் வழிபட வருவோருக்கு உரியவை. மலையாள மேட மாதத்தில் (ஏப்ரல்–மே) நடக்கும் பூரம் கோயில் திருவிழாவின்போது தேக்கின்காடு மைதானத்தைச் சுற்றி வாகனம் நகராது, அந்நாள்களையும் தவிர்த்துவிடுங்கள்.

பேருந்தில் வருவோருக்கு வடக்கஞ்சேரி, குதிரான் வழி. குதிரான் ஏற்றத்தில் லாரிகளின் பின்னால் காத்துக் கிடந்த காலம், 2021இல் முதல் சுரங்கப்பாதை திறந்ததோடு போயிற்று. ஆட்டோக்காரரிடம் ‘மாதா கோயில்’ என்று பொதுவாகச் சொன்னால் கிழக்கேகோட்டை லூர்து மாதா பேராலயத்தில் இறக்கிவிடக்கூடும். ‘புத்தன்பள்ளி’ என்றே சொல்லுங்கள்.

போனவுடன் உள்ளே நுழைந்துவிட வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று முகப்பைப் பாருங்கள். முன்னால் உள்ள இரு கோபுரங்களும் 146 அடி உயரம். பைபிள் கோபுரம் எனப்படும் மூன்றாவது கோபுரம் 260 அடி. பிறகு வாயில்களையும் சாளரங்களையும் கவனித்தால், வளைவுகள் அரைவட்டமாக முடியாமல் உச்சியில் கூராகச் சேர்வது தெரியும். இடைக்கால ஐரோப்பாவில் தோன்றிய கோத்திக் கட்டிடப் பாணியின் உயிர் அந்தக் கூர்வளைவில்தான் இருக்கிறது. அரைவட்ட வளைவு தன்மேல் ஏறும் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். கூர்வளைவோ அதில் பெரும்பங்கைத் தூண்களின் வழியே கீழே இறக்கிவிடும். ஐரோப்பியக் கொத்தர்கள் சுவரைப் பருக்க வைக்காமலே கூரையை உயர்த்தியதும், சுவரைத் திறந்து நெடிய சாளரங்களை வைத்ததும் இதனால்தான். இதை மனத்தில் கொண்டு நடுக்கூடத்தில் நின்று, ஒரு தூணின் அடியிலிருந்து வளைவின் உச்சிவரை மெல்லப் பார்வையை ஏற்றிப் பாருங்கள். எனக்குப் பிடித்த இடம் அதுவே. உள்ளே 11 பலிபீடங்கள் இருப்பதால் இருபக்கமும் நடந்து பார்க்க நேரம் வேண்டும். இவ்வளவையும் வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த அம்புரோசியோ கவுண்டர் என்பதை உடன் வரும் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்து செல்லுங்கள். மற்றவர்கள் செருப்பை வெளியே விட்டிருந்தால் நாமும் விட வேண்டும். மத்பஹா எனப்படும் பீடப்பகுதிக்குள் ஏறக் கூடாது. யாரேனும் முழந்தாளிட்டிருக்கும்போது அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது.

பைபிள் கோபுரத்தில் ஏற விரும்பினால், அன்றைய நேரத்தையும் கட்டணத்தையும் ஆலய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை மழையில் மேலிருந்து நகரம் தெளிவாகத் தெரியாது. கோபுரத்துக்காகவே வருவோருக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.