சைலன்சர் சுட்ட தழும்பை மங்க வைப்பது எப்படி?

பைக்கில் இருந்து வலது பக்கமாக இறங்கினால், கெண்டைக்காலின் உட்புறம் சைலன்சரில் பட்டுவிடும். படுவது ஒரு நொடிதான், தழும்போ வருஷக்கணக்கில் நிற்கும். எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. அதை மறைக்கவே இரண்டு வருஷம் கணுக்கால் வரை மூடும் உடையாகப் பார்த்துப் பார்த்து வாங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தழும்பு முழுதாக அழியாது. சாதாரணத் தோலில் கொலாஜன் என்ற புரத இழைகள் கூடைப் பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தழும்பில் அவை ஒரே திசையில் நெருக்கி அடுக்கியிருக்கும். பழைய பின்னலை எந்தக் களிம்பும் திரும்பக் கொண்டுவராது. ஆனால் மேட்டைத் தணிக்கலாம், நிறத்தை மங்க வைக்கலாம்.

1. என்ன வகை என்று பாருங்கள்

கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். விரலுக்கு எதுவுமே தட்டவில்லையா? அப்படியானால் மிச்சமிருப்பது பெரும்பாலும் கருமை மட்டும்தான். வெயில் படாமல் பார்த்துக்கொண்டாலே மெல்லக் குறையும். மேடாகத் தட்டி, காயம் பட்ட எல்லைக்குள்ளேயே இருந்தால் வீட்டிலேயே பராமரிக்கலாம். எல்லையைத் தாண்டிப் பரவினால் அது கீலாய்டாக இருக்கலாம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது வர வாய்ப்பு அதிகம். அதற்கு நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டு, சில வார இடைவெளியில் தொடர்வார்கள்.

2. காயம் ஆறட்டும்

பொருக்கு தானாக உதிர்ந்து, ஈரக்கசிவு நின்று, தோல் முழுதாக மூடிய பிறகுதான் அடுத்த வேலை. பொருக்கைப் பிய்த்தால் தழும்பு இன்னும் ஆழமாகும்.

3. சிலிகான் ஜெல்

தடித்த தழும்புக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். மருந்துக்கடையில் ஜெல்லாகவும் ஒட்டும் தாளாகவும் கிடைக்கும். அந்த இடத்தில் ஈரம் வெளியேறாமல் காப்பதால், தோல் அளவுக்கு மீறிக் கொலாஜன் உற்பத்தி செய்வது தணிகிறது. ஜெல் என்றால் காலை, இரவு இரண்டு வேளையும் மிக மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவிடுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் அதிகமாகப் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம். தாள் என்றால் தினமும் குறைந்தது 12 மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு அரிப்பு வரும், அப்போது கழற்றிக் கழுவி, தோல் நன்றாக உலர்ந்ததும் திரும்ப ஒட்டுங்கள். இரண்டு மூன்று மாதமாவது விடாமல் செய்யாவிட்டால் பலன் தெரியாது. பலர் மூன்றாவது வாரமே கைவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் விட்டேன்.

4. அழுத்தித் தேய்ப்பது

துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, தழும்பின் நிறம் கொஞ்சம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, வட்டமாகவும் குறுக்காகவும் ஐந்து நிமிடம் தேயுங்கள். தினம் இரண்டு முறை போதும். முடித்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு ஜெல் பூசுங்கள்.

5. வெயில்

புதுத் தழும்பு வெயிலில் சீக்கிரம் கறுக்கும். துணியால் மூடுங்கள், இல்லையென்றால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து புதுக் கருமை வரும். அக்கம்பக்கத்தில் சொன்னார்கள் என்று வெள்ளையாக்கும் களிம்பு வாங்கிப் போடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, நாள்பட்டால் தோல் மெலிந்துவிடும்.

மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. தழும்பு முதிர்ந்து அடங்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். என்னுடையது தட்டையாக ஐந்து மாதம் பிடித்தது, ஓரத்துக் கருமை அதற்கப்புறம்தான் மங்கியது. நடுவில் காசளவு வெளுத்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. கல்யாணம் காட்சி என்றால் அதன் மேல் என் நிறத்துக்கு ஒத்த கன்சீலரைத் தொட்டுக்கொள்கிறேன்.