மூன்று வாரத் தாமதத்தை மீட்டிங்கில் சொல்வது எப்படி? ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு ஒரு பேச்சு வழிகாட்டி

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய 82ஆவது வினாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த வெப்பக்காப்பு நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. பொறியாளர்கள் கணக்குப் போட்டு, விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தவர்களுக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் கணக்குக்கு அடிப்படையான பழைய சோதனைகளில் மோதிய நுரை வெறும் 3 கன அங்குலம். இறக்கையில் மோதியதோ 1,920 கன அங்குலம் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. இந்த 640 மடங்கு வித்தியாசம் அதே ஸ்லைடின் அடியில் ஒரு துணைக்குறிப்பாகக் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். உயிராபத்தைப் பற்றிப் பேசும் ஸ்லைடு இது என்றே ஒரு மேலாளருக்குப் புரியாமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

நம் ப்ராஜெக்ட்களில் உயிர் போவதில்லை. பணமும் மாதங்களும்தான் போகின்றன. ஆனால் போகிற வழி ஒன்றுதான்: கெட்ட செய்தியைச் சொல்லியிருப்போம், கேட்டவர் காதில் விழுந்திருக்காது. ப்ராஜெக்ட் மேனேஜருக்குத் தேவையான பேச்சுத்திறன் கைத்தட்டல் வாங்குவதற்கானது அல்ல. எதிரில் இருப்பவர் ஒரு முடிவு எடுத்துவிட்டு எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான். மிகக் கடினமான வேளை, தாமதத்தை அறிவிக்கும் வேளை. அதற்குத் தயாராகிவிட்டால் மற்றவை எளிது.

முதல் நிமிடம்

நான்கு வாக்கியங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நிலைமை, காரணம், புதிய தேதி, உங்களுக்கு வேண்டியது. பில்லிங் மென்பொருள் ப்ராஜெக்ட் ஒன்றில், கோ-லைவ் (மென்பொருள் பயன்பாட்டுக்கு வருவது) தள்ளிப்போனால், அது இப்படி இருக்கும்: "அக்டோபர் 15 கோ-லைவ் நடக்காது. பழைய கஸ்டமர் டேட்டாவை மாற்றும் வேலை திட்டமிட்டதைவிட மூன்று வாரம் அதிகம் எடுக்கிறது. புதிய தேதி நவம்பர் 5. அந்தத் தேதியைக் காப்பாற்ற டெஸ்டிங்குக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும், அதற்கு இன்றைக்கே ஒப்புதல் தேவை."

பலர் செய்வது இதற்கு நேர்மாறு. முடித்த வேலைகளை வரிசையாகச் சொல்லி, எட்டாவது ஸ்லைடில் தயங்கித் தயங்கித் தாமதத்துக்கு வருகிறார்கள். அதற்குள் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் உங்கள் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

இந்த நான்கு வாக்கியங்களையும் மீட்டிங்குக்கு முந்தைய நாளே ஸ்பான்சரிடம் (ப்ராஜெக்டுக்குப் பணம் ஒதுக்குபவரிடம்) நேரிலோ போனிலோ சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் நடுவில் முதல்முறையாகக் கேட்டால், அவர் பிரச்சினையை விட்டுவிட்டுத் தன் மானத்தைக் காக்கப் பேச ஆரம்பிப்பார்.

எண்களைப் பேச்சாக்குங்கள்

மொத்த பட்ஜெட் 1 கோடியே 20 லட்சம் என்று வையுங்கள். இன்றைய தேதிக்கு 50 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 41 லட்சத்துக்கான வேலை. செலவு 46 லட்சம். எஸ்பிஐ (SPI, முடிந்த வேலையை முடிந்திருக்க வேண்டிய வேலையால் வகுத்தது) 0.82, சிபிஐ (CPI, முடிந்த வேலையைச் செலவால் வகுத்தது) 0.89 என்று சொன்னால் அறையில் இரண்டு பேருக்குப் புரியும். "50 லட்சத்துக்கு முடிய வேண்டிய இடத்தில் 41 லட்சத்துக்குத்தான் முடிந்திருக்கிறது. இதே போக்கில் போனால் கடைசியில் 1 கோடியே 35 லட்சம் ஆகும்" என்றால் எல்லோருக்கும் புரியும். பட்ஜெட்டை சிபிஐயால் வகுத்தால் அந்தத் தொகை வந்துவிடும். குறியீட்டெண்களை ஸ்லைடில் வையுங்கள், வாயால் ரூபாயையும் தேதியையும் சொல்லுங்கள்.

ஸ்லைடின் தலைப்பில் 'ப்ராஜெக்ட் நிலவரம்' என்று எழுதாதீர்கள். 'கோ-லைவ் நவம்பர் 5க்குத் தள்ளிப்போகிறது' என்று முடிவையே எழுதுங்கள். 15 நிமிடம் தந்தால் ஆறேழு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம், மீதி கேள்விகளுக்கு. அந்த ஆறேழு நிமிடத்துக்கு நான்கு ஸ்லைடு தாராளம்.

வாக்கியத்தின் கடைசிச் சொல்

தமிழில் பேசுகிறவர்கள் இதைத் தனியாகப் பழக வேண்டும். நம் வாக்கியத்தில் தீர்ப்பு கடைசியில் இருக்கிறது. "அடுத்த மாதத்துக்குள்ள முடிச்சுடலாம்னு இப்ப சொல்ல முடியாது" என்பதில் 'முடியாது' போய்விட்டால் பொருளே தலைகீழ். மூச்சு தீர்ந்து, குரல் இறங்குவதும் சரியாக அந்த இடத்தில்தான். ஆன்லைன் மீட்டிங்கில் நெட் கொஞ்சம் தடுமாறினாலும் போதும், கேட்டவர் 'முடிச்சுடலாம்' என்றே எழுதிக்கொள்வார். ஆகவே வாக்கியத்தைப் பாதியாக வெட்டுங்கள்: "அடுத்த மாதத்துக்குள்ள முடியாது. தேதி நவம்பர் அஞ்சு." கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிச்சம் வைத்து, முதல் சொல்லின் அதே உரத்தில் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் எண் சொல்லும்போது ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகக் கேட்கும். "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

கையில் பிடிக்கும் மைக் என்றால் வாயிலிருந்து நான்கு விரல் தூரம், கன்னத்துப் பக்கமாகச் சற்றே சாய்த்து. மேலே உள்ள வலையைக் கையால் மூடிப் பிடித்தால் குரல் அடைக்கும், ஸ்பீக்கர் கீச்சிடவும் செய்யும்.

ஒத்திகை

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நின்றுகொண்டு, வாய்விட்டு, மூன்று முறை. முதல் முறை போனில் பதிவு செய்து, எத்தனை 'வந்து', எத்தனை 'ஆக்சுவலா', எத்தனை 'பேசிக்கலா' என்று எண்ணுங்கள். அந்தச் சொற்கள் வருகிற இடத்தில் வாயை மூடி ஒரு வினாடி நில்லுங்கள். உங்களுக்கு நீளமாகத் தோன்றும், கேட்பவருக்குத் தோன்றாது. இரண்டாம் முறை கடிகாரம் வைத்து. மூன்றாம் முறை, குறுக்குக் கேள்வி கேட்கக்கூடிய சக ஊழியர் ஒருவர் முன்னால். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு கேள்வி குறுக்கே வந்தால் சங்கிலி அறுந்துவிடும். முதல் நிமிடத்தின் நான்கு வாக்கியங்கள் மட்டும் சொல் மாறாமல் மனதில் இருந்தால் போதும்.

கேள்வி வரும்போது

கேள்வி முழுதாக முடியட்டும். பெரிய அறையானால் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பதிலின் முதல் சொல் ஆம், இல்லை, அல்லது ஒரு எண்ணாக இருக்கட்டும், விளக்கம் பிறகு. தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். "கையில் அந்தக் கணக்கு இல்லை. நாளை 12 மணிக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லி, அவர் பார்க்கும்படி குறித்துக்கொள்ளுங்கள்.

"யாரால் தாமதம்?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஆளின் பெயரைச் சொன்னால், அடுத்த மாதம் உங்கள் டீமில் யாரும் உங்களிடம் பிரச்சினையை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வேலையின் பெயரைச் சொல்லுங்கள்: "டேட்டாவில் பழைய முகவரிகள் மூன்று விதமாக இருந்தன. அதை மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. அந்த மதிப்பீட்டுக்கு நான் பொறுப்பு."

ஒப்புதல் கேட்டபின் பேசாமல் இருங்கள். ஐந்து எண்ணும்வரை யாரும் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. பதறிப்போய் "இரண்டு பேர் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்" என்று நீங்களே சொல்லிவிட்டால், அந்த இரண்டு பேர் வரவே மாட்டார்கள். ஆன்லைன் என்றால் கேட்கும் முன் ஸ்க்ரீன் ஷேரை நிறுத்துங்கள். எல்லோரும் ஸ்லைடை விட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

கடைசி இரண்டு நிமிடத்தில் எடுத்த முடிவு, செய்ய வேண்டியவர், தேதி மூன்றையும் சத்தமாகப் படித்துக் காட்டி, "சரிதானே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். படித்த அதே சொற்கள் அன்று மாலைக்குள் மெயிலில் போய்ச் சேரட்டும்.