வளவுக்குள் சிக்னல் கிடைக்காது

மகள் தலைப்பிரசவத்துக்குக் கானாடுகாத்தான் வந்ததும் அவள் போனில் இரவு எட்டு மணிக்கு அலாரம் வைத்தேன். பெயர் ‘நெல்லிக்காய்ச் சாறு’. இரும்புச்சத்து மாத்திரையை அதோடு விழுங்கினால் உடம்பில் நன்றாகச் சேரும்; காபியோடு சேராது. காபியை விடமாட்டாள், அதனால்தான் இரவு.

பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்), ஸ்கேன் அறிக்கை, இரத்த வகை எல்லாவற்றையும் படம் பிடித்து ஒரே ஆல்பத்தில் வையுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளைக்கும் அனுப்பினேன்.

28 வாரம் கடந்தபின் தினமும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் படுத்து, போனில் நேரம் குறித்து, குழந்தை அசைவதை எண்ணச் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உதிரப்போக்கு, கண் மங்கும் தலைவலி என்றாலும் அப்படித்தான். குழந்தையின் நாடித்துடிப்பு காட்டும் செயலியை நம்பி உட்காராதீர்கள்.

எங்கள் வீட்டில் சிக்னல் முகப்போடு நின்றுவிடும். அவள் கட்டிலை வளவிலிருந்து (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதி) முகப்பை ஒட்டிய அறைக்கு மாற்றினோம். சந்தேகத்துக்கு 104, அவசரத்துக்கு 108. இங்கே வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.