பகலில் நன்றாக எரிந்த தெருவிளக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் சந்து எங்களுடையது. முனையில் ஒரு பழைய சோடியம் விளக்கு. மாலை சரியாகத்தான் எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். புகார் கொடுத்தேன். பகலில் ஆள் வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், எரிந்தது. புகார் முடிந்தது என்று குறுஞ்செய்தி. இரண்டாம் முறையும் அதே கதை. ஒயர்தான் லூஸ் என்று பக்கத்துக் கடை அண்ணன் சொல்ல, இணைப்புப் பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

மூன்றாம் இரவு திண்ணையிலேயே உட்கார்ந்து கவனித்தேன். விளக்கு அணைந்தே கிடக்கவில்லை. அணைந்து, சில நிமிடம் கழித்து மங்கலாகத் தொடங்கி, முழு வெளிச்சம் வந்ததும் மறுபடி அணைந்தது. விடிய விடிய இதேதான். சோடியம் பல்ப் வயதாகும்போது அது கேட்கும் மின்னழுத்தம் ஏறும். சூடானதும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கால் அந்த அழுத்தத்தைக் கொடுக்க முடியாமல் விளக்கு அணையும், ஆறியதும் திரும்பப் பற்றும். பகலில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தால் எப்படித் தெரியும்?

இருபது நிமிட வீடியோ எடுத்து, கம்பத்தில் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணையும் சேர்த்து, ‘பல்பை மாற்றுங்கள், ஒயரில் கோளாறு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே மாற்றினார்கள். அப்பாடா!